செல்போன் படிப்பு: எடுத்துக்கொள்வதும் தள்ளி வைப்பதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

ஆன்லைன் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள. நான் டீச்சர் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாய், ஒரு குழுவின் ஊக்குநர். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தார்கள். அந்த நாளில் கல்வித் தொலைக்காட்சி கை கொடுத்தது. டிவி இருந்தால் போதும், நெட் வேண்டாம். பாடப்புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கோடை போனில் காட்டினால் பாடம் வீடியோவாக வந்தது. புரியாத கணக்கைப் பத்துத் தடவை போட்டுப் பார்க்கலாம், யாரும் திட்டமாட்டார்கள்.

நமக்கும் லாபம் உண்டு. ஆரி வேலை கற்றுக்கொள்ள டவுனுக்குப் போனால் பஸ் காசு ஆகும், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, போனைப் பார்த்தே ப்ளவுஸ் கட்டிங் கற்றுக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

ஆனால் ஊசியை நாம் தப்பாகப் பிடித்தால், அந்த போன் நம் கையைப் பிடித்துத் திருத்தாது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எதிரே டீச்சர் இல்லாததால் பல பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே மறந்துபோனது. அதனால்தான் 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி, சாயங்காலத்தில் தெருவுக்குத் தெரு பாடம் நடத்த வைத்தது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

இன்னொன்று, வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போவார். வந்ததும் பையன் கைக்குப் போகும். பொண்ணு கேட்டால் மட்டும், "உனக்கு எதுக்குடி போன்?" என்கிறோம். அதே பொண்ணு மார்க் குறைந்தால், "படிப்பு வரல, கட்டிக் கொடுத்துடலாம்" என்கிறோம். இது நியாயமா, சொல்லுங்கள்.

பணத்தையும் பேச வேண்டும். எங்கள் குழுவில் ஒரு அக்கா வீட்டுக்கு, பிள்ளையை டாக்டராக்குகிறோம் என்று ஒரு ஆன்லைன் கோச்சிங்காரர்கள் வந்தார்கள். மாதத் தவணை என்றுதான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அது அக்கா பேரில் எடுத்த கடன் என்று. பிள்ளை இரண்டு மாதத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டான். தவணை நிற்கவில்லை. குழுவில் ஆயிரம் ரூபாய் உள்கடன் கொடுக்கவே தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். வாசலில் வந்து நிற்கிறவனிடம் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

அதனால் உங்களிடம் நான்கு விஷயம் கேட்கிறேன். பொண்ணுக்கும் பையனுக்கும் போனுக்கு ஒரே அளவு நேரம் கொடுங்கள். பிள்ளை பார்த்த பாடத்தை நோட்டில் எழுதச் சொல்லி, வாய்விட்டுச் சொல்லவும் வையுங்கள். நமக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் அவன் தடுமாறுவது நமக்குத் தெரியும். எந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவதென்றாலும் அந்தத் தாளைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து படிப்போம். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும், எந்தெந்த வீட்டில் பொண்ணு படிக்க போன் இல்லை என்று ஒரு கணக்கு எடுப்போம். அதற்கு ஒரு உள்கடன் தீர்மானம் கொண்டு வர நான் தயார். வழிமொழிய நீங்கள் வாருங்கள்.