சம்பளம் இல்லாத ஒரு மணி நேரம்



பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. பெண்கள்தான் அங்கே அதிகம். அப்படி ஓர் இடத்தில் வேலை செய்யும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் ஹெல்பர். தைத்த சட்டையில் பிசிறு நூல் வெட்டுவது அவள் வேலை. மாலையில் மணி அடிக்கும். சூப்பர்வைசர் வருவார்.

"டார்கெட் முடியலைம்மா. இன்னும் ஒரு மணி நேரம் இரு. சம்பளம் கிடையாது. ஆனால் வேலை பழகுமே!" என்பார்.

வேலை பழகுமா? முதல் மாதம் பழகும். கையில் வேகம் வரும். அப்புறம்? இரண்டு வருடம் ஆனாலும் அதே நூல், அதே கத்தரி. காலர் வைக்கத் தெரியாது. காஜா போடத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 1 மணி நேரம். மாதம் 26 நாள் வேலை. வருடத்துக்கு 312 மணி நேரம். ஒரு நாள் வேலை 8 மணி நேரம் என்றால், அது 39 நாள் வேலை! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது. 2020-இல் வந்த சட்டமும் அப்படியே சொல்கிறது. அப்படியானால் 78 நாள் சம்பளம் போயிற்று.

"கற்றுக்கொள்பவருக்குச் சம்பளம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். தொழில் பழகுநருக்கென்றே 1961-இல் ஒரு சட்டம் வந்தது. பழகும்போதும் உதவித்தொகை உண்டு என்கிறது அது.

சம்பளம் இல்லாத நேரம் எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. அதே கூடத்தில் இன்னொரு பெண். சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிடம் தையல் மெஷினில் உட்காருவாள். டெய்லர் அக்கா பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். கழிவுத் துணியில் நேர்த்தையல் போடுவாள். நூல் அறும். ஊசி உடையும். அதற்குத் திட்டும் விழும். அந்த 15 நிமிடத்தில் கம்பெனிக்கு ஒரு சட்டைகூடக் கூடவில்லை. ஆனால் அவள் கைக்கு ஒரு தொழில் வந்தது. ஹெல்பரை விட டெய்லருக்குச் சம்பளம் அதிகம்.

முதல் பெண் இதைப் பார்த்தாள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் தினம் நோட்டில் எழுதினாள். எழுத்தறிவு வகுப்பில் படித்த எழுத்துதான். ஒரு மாதம் கழித்து நோட்டைக் காட்டினாள்.

"ஓவர்டைம் எழுதுங்க சார். வேலை பழகும்னு சொன்னீங்களே, மெஷினில் எப்போ உட்கார வைப்பீங்க?"

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றார்.

அதையும் அவள் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.