கொடியும் ஆற்றுப்படையும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாவில் பேசுவதற்கு உரிய தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று செயலாளர் கூறினார். சங்கப் பாடல் ஒன்றையோ பாரதியையோ எடுத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் விளம்பரம். அதற்குக் காரணம் உண்டு. நம் வட்டத்தின் இணைய இதழுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் செய்யலாமா என்னும் வினா சென்ற ஆண்டு செயற்குழுவை இரண்டாகப் பிரித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். உறுப்பினர் சந்தாவிலிருந்து அதற்கெனச் சிறு தொகை ஒதுக்கப்பட்டபோது எதிர்த்தவர்களுள் நானும் ஒருத்தி. அந்த எதிர்ப்பில் எது சரி, எது தவறு என்பதை இவ்வவையிலேயே சொல்லிவிடுதல் என் கடமை எனக் கருதுகின்றேன்.

அன்று நான் முன்வைத்த முதல் வாதம், இலக்கியம் தன்னைக் கூவி விற்றல் தகாது என்பது. வீட்டிற்குத் திரும்பிய பின்னர், நான் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் சொல்லும் பட்டினப்பாலையே அவ்வாதத்தை மறுக்கின்றது என்பது நினைவுக்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசைப்படுத்துகின்றார். தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. துறையில் நிற்கும் மரக்கலங்களின் மேல் ஒரு கொடி. மீனும் ஊனும் பொரிக்கும் முன்றிலில் கள் விலையைக் குறித்து ஒரு கொடி. இவற்றோடு, பல கேள்வித் துறைகளில் தேர்ந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடியும் பறந்தது. கள் விற்பவன் கொடி கட்டுகின்றான் என்பதற்காகக் கற்றோர் தம் கொடியை இறக்கிவிடவில்லை. ஆகவே 'தகாது' என்னும் என் வாதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன்.

ஆனால் கொடியைக் கண்டவரெல்லாம் வாதத்திற்கு வந்து அமர்ந்துவிடுவதில்லை. ஆளை உள்ளே அழைத்து வருவதற்கு நம் முன்னோர் வேறொரு வழியையும் கண்டிருந்தனர். அதுவே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை இவ்வவை அறியும். அவற்றின் அமைப்பைச் சற்று நோக்குங்கள். பரிசில் பெற்றுத் திரும்புபவன் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனை வழியிற் காண்கின்றான். தான் பெற்றதைச் சொல்கின்றான். செல்லும் வழியைச் சொல்கின்றான். சொல்பவன் அனுபவித்தவன், கேட்பவன் தேவையுடையவன், சொல்லப்படுவது ஒரு குறிப்பிட்ட வள்ளலின் வாயில். இம்மூன்றும் பொருந்தும்போதுதான் ஆற்றுப்படுத்தல் பயன் தருகின்றது. கொடி ஊரார் அனைவர்க்கும் பொது. ஆற்றுப்படையோ எதிரே நிற்கும் ஒருவனுக்கு உரியது.

அண்மைக் காலத்துச் சான்றுகள் மூன்றைக் காண்போம்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அச்சுச் செலவுக்கு அவரிடம் பெருஞ்செல்வம் இல்லை. நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்வோம் என்று அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். ஒவ்வொரு கையொப்பமும் ஒரு முகம். ஒவ்வொரு முகத்திற்கும் இந்நூல் யாது, ஏன் அச்சேற வேண்டும் என்று நேரில் விளக்கியாக வேண்டும். நூல் அச்சாகுமுன்னரே வாசகர் பட்டியல் உருவாகிவிட்டது.

இரண்டாவது சான்று பாரதியாருடையது. 1920-இல் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் அச்சிட்ட வேண்டுகோள் ஒன்றை அனுப்பினார். ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாயேனும் கடனாகத் தர வேண்டும், மாதம் 2 விழுக்காடு வட்டி தரப்படும் என்பது ஏற்பாடு. தம் புத்தகங்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட எளிதாக விற்றுப்போகும் என்று அவர் நம்பினார். பணம் வரவில்லை, திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் நூல்களின் உரிமையை அரசே 1949-இல் வாங்கி நாட்டுக்கு உரிமையாக்கும் காலமும் வந்தது. தம் வாசகர் மீது அவர் வைத்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஓரிரண்டு ஆண்டுகளில் அவ்வாசகர் கூட்டத்தைத் திரட்டிவிட முடியும் என்னும் கணக்குத்தான் பொய்த்தது. விளம்பரம் செய்வோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் இது.

மூன்றாவது சான்று சி.சு. செல்லப்பா. 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய அவர், புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் இடம் தந்தார். எழுத்து பிரசுர நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். எழுதியவரே சுமந்தார், சுமந்தவரே விளக்கினார். இன்று நம்மிடையே அமர்ந்திருக்கும் புதுக்கவிஞர்கள் அனைவரும் அப்பையின் கடனாளிகள் என்றால் மிகையாகாது.

இனி இணைய விளம்பரத்துக்கு வருவோம். 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்னும் அமெரிக்க இணைய இதழ் தன் பக்கங்களில் பதாகை விளம்பரங்களை வெளியிட்டது. 2000 அக்டோபரில் கூகுள் நிறுவனம் தேடுசொற்களை ஒட்டிய விளம்பரத் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று அது செயற்படும் முறை ஏலத்தை ஒத்தது. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லுக்கு விலை கூறியவர்களிடையே கண்ணிமைக்கும் பொழுதில் ஏலம் நடந்து முடிகின்றது. கூறிய விலை மட்டுமன்றி, விளம்பரம் அத்தேடலுக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதும் கணக்கிற் கொள்ளப்படுகின்றது. பெரும்பாலும், விளம்பரத்தை ஒருவர் தொட்டால்தான் நாம் பணம் தருகின்றோம். நாளொன்றுக்குச் சராசரியாக 100 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று எல்லை கட்டலாம். இன்ன மொழியினர்க்கு, இன்ன மாவட்டத்தார்க்கு மட்டும் காட்டுக என்று வரையறுக்கலாம். சிறு தொகை உடையவர்க்கும் வாயில் திறந்திருக்கின்றது என்பது இதன் நன்மை.

இதன் குறையையும் உணர்தல் வேண்டும். நாம் பணம் கொடுத்துப் பெறுவது தொடுகையைத்தான், வாசகரை அன்று. விரல் தவறிப் பட்டதும் ஒரு தொடுகையே. வந்த நொடியிலேயே திரும்பிப் போனவரும் கணக்கில் ஒருவரே.

நம் முதல் முயற்சியில் நேர்ந்தது இதுவே. 'கவிதை' என்னும் சொல்லுக்கு விளம்பரம் கொடுத்தோம். கணக்கில் எண்கள் ஏறின. எந்தத் தேடலின் வழியே வந்தார்கள் என்று பார்த்தபோது, மிகப் பலர் பிறந்தநாள் வாழ்த்துக்கும் திருமண வாழ்த்துக்கும் நான்கு வரி தேடி வந்தவர்கள் எனத் தெரிந்தது. அவர்கள்மீது குற்றமில்லை. வாழ்த்து வேண்டியவர்க்கு நாம் வைத்திருந்தது வேறு சரக்கு. ஒதுக்கிய தொகையில் பாதி கரைந்தது. நிலைத்த வாசகர் ஒருவரும் கிடைத்ததாகத் தெரியவில்லை. 'நான் அன்றே சொன்னேனே' என்று நான் கூறியதும் உண்மை.

இரண்டாம் முறை, நம் இளங்கவிஞர் ஒருவர் வேறுவழி சொன்னார். இதழுக்கு விளம்பரம் வேண்டா. ஒரே ஒரு படைப்புக்குக் கொடுப்போம் என்றார். சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த ஊர்களைப் பற்றி நம் உறுப்பினர்கள் எழுதிய கவிதைத் தொகுதி அது. 'கவிதை' என்னும் பொதுச்சொல்லை விடுத்து, அக்கவிதைகளில் வரும் ஊர்ப்பெயர்களையே தேடுசொற்களாக வைத்தோம். தமிழில் தட்டுவோரும் உளர், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுவோரும் உளர் என்பதால் இரு வடிவமும் கொடுத்தோம். கடலூர் மாவட்டத்தோடு, நம்மவர் பிழைப்புத் தேடிச் சென்ற நகரங்களையும் சேர்த்தோம். விளம்பர வாசகத்தில் புகழுரை ஒன்றும் இல்லை. 'இவ்வூர்களைப் பற்றிய கவிதைகள் இங்கே உள்ளன' என்பது மட்டுமே இருந்தது.

வந்தவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் நமக்கு மடல் எழுதினார். அவர் தந்தையார் பிறந்த ஊர் இன்று சுரங்கத்தின் பள்ளமாக இருக்கின்றது. அவ்வூரின் ஏரிக்கரையைக் கவிதையில் கண்டு, தந்தையாருக்குப் படித்துக் காட்டியதாகவும், முதியவர் மறுமுறையும் படிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். கவிதையில் ஒரு மரத்தின் பெயர் பிழை என்று திருத்தமும் அனுப்பியிருந்தார். இம்மலரில் அக்கவிதை திருத்தத்தோடு வெளிவருகின்றது. அவர் இன்று நம் வட்டத்தின் சந்தாதாரர். அம்மடலைப் படித்த இரவில்தான் என் எதிர்ப்பின் மறுபாதியை நான் மாற்றிக்கொண்டேன். எங்கோ ஒருவருக்குத் தேவையான கவிதை நம் பெட்டியில் கிடக்கும்போது, கூச்சத்தின் பெயரால் அதை அவர் அறியாமல் வைத்திருப்பது பெருமையாகாது.

நெய்வேலியில் வாழும் நமக்கு ஓர் உண்மை கண்கூடு. ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதைவிடப் பன்மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கின்றது. அகற்றிய மண்ணின் அளவைக் கொண்டு எவரும் மின்சாரத்தைக் கணக்கிடுவதில்லை. விளம்பரம் தரும் எண்களையும் நாம் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

எனவே வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். ஒன்று, விளம்பரம் செய்வோம். ஆனால் 'எங்களிடம் வாருங்கள்' என்று பொதுவாக அழையாமல், ஒரு குறிப்பிட்ட படைப்பை, அதைத் தேடக்கூடிய ஒருவர்க்குச் சுட்டுவோம். இரண்டு, அதற்கான தொகை அச்சுமலருக்கு ஒதுக்கும் தொகையைத் தின்றுவிடாதபடி எல்லை கட்டுவோம். மூன்று, வந்தவரின் இசைவோடு அவர் பெயரையும் முகவரியையும் ஏட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த மடலை நாமே நேரில் எழுதுவோம். உ.வே.சா. பெற்ற கையொப்பத்துக்கு நிகராக நம்மிடம் இருக்கப்போவது அவ்வேடு ஒன்றே.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வவையில் இருக்கும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த நம் கவிதை ஒன்றை, அது வேண்டியிருக்கும் ஒருவரிடம் இம்மாதமே கொண்டு சேர்க்க வேண்டுகின்றேன். பரிசில் பெற்றவன்தான் வழி சொல்லத் தகுதியுடையவன். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் பரிசில் பெற்றவர்கள் நாம்.