ஜூபிலியும் ஜூபிலேஷனும்
(பொன்விழா ஆண்டின் தொடக்க நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



அலங்கார வளைவில் எழுத வந்த நம் இளைஞர்கள் ஓர் ஐயம் கேட்டார்கள்: "சாமி, ஆங்கிலத்தில் ஜூபிலி என்று போடுவதா, ஜூபிலேஷன் என்று போடுவதா? இரண்டும் ஒன்றுதானே?" ஒன்றல்ல. பார்வைக்கு அக்காள் தங்கை போலிருந்தாலும் இவற்றின் பிறந்த வீடு வேறு.

ஜூபிலேஷன் இலத்தீன் வீட்டுப் பிள்ளை. 'யூபிலாரே' என்றால் மகிழ்ந்து ஆர்ப்பரித்தல். அறுவடைக் களத்தில் பாடுகிறவர்கள், மகிழ்ச்சி மிகும்போது சொல்லை விட்டுவிட்டு வெறும் ஒலியாய் ஆர்ப்பரிப்பதை இதற்கு விளக்கமாகக் காட்டுகிறார் புனித அகுஸ்தினார். நம் தாய்மார் இடும் குலவைதான்!

ஜூபிலியோ எபிரேயச் சொல். 'யோபேல்' என்பது ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டில், அதுவும் பாவப்பரிகார நோன்பு நாளில், கொம்பு ஊத வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். ஊதியதும் என்ன நடக்கும்? வறுமையால் விற்ற காணி, விற்றவன் குடும்பத்துக்கே திரும்பும். அடிமையாய்ப் போனவன் பிள்ளைகளோடு வீடு திரும்புவான். காணிக்கு விலை பேசும்போதே, அடுத்த யூபிலிக்கு எத்தனை அறுவடை இருக்கிறது என்று எண்ணித்தான் பேச வேண்டும். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கொம்பை விட்டுவிட்டு 'விடுதலை' என்றே எழுதினார்கள். பின்னர் இலத்தீனில்தான் 'யூபிலாரே'யின் சாயல் இச்சொல்மேல் படிந்தது. 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபோதும் முன்னின்றது மன்னிப்பே. 1887இல் விக்டோரியா அரசி கொண்டாடிய பொன்விழாவைப் போன்றவற்றைப் பார்த்துத்தானோ என்னவோ, நமக்கு ஜூபிலி என்றாலே பந்தலும் வாணவேடிக்கையும் என்றாகிவிட்டது.

வழக்கிலும் வேறுபாடு உண்டு. ஜூபிலிக்கு ஆண்டுக் கணக்கு வேண்டும். பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு ஜூபிலேஷன் வரலாம், ஜூபிலி வராது.

வளைவில் ஜூபிலி என்றே எழுதச் சொன்னோம். எழுதியபின் நமக்கே உறுத்தியது. நம் பங்கில் தலைக்கட்டு வரி பாக்கி நோட்டு ஒன்று உண்டு. பாக்கி வைத்த வீட்டில் கல்யாணம் என்றால் அந்த நோட்டு வெளியே வருவதும், பெண்ணைப் பெற்றவர் தலைகுனிந்து நிற்பதும் நீங்கள் அறிந்ததே. அதில் நாமும் கையெழுத்திட்டிருக்கிறோம். பழைய பாக்கி முழுவதையும் அடித்துவிடலாமா என்று பங்குப் பேரவையிடம் கேட்டோம். ஒழுங்காய்ச் செலுத்தியவர்கள் வருந்துவார்களே என்று இருவர் சொன்னார்கள், அதுவும் நியாயம்தான். வரும் ஞாயிறு பூசைக்குப்பின் கூடிப் பேசுவோம். தலைக்கட்டுக்கு ஒருவர் வாருங்கள். பாக்கி உள்ளவர்களும் வாருங்கள்.