மதுரையில் ஒரு மலர்ச் சந்தை



வெளிநாடு சென்று திரும்புவோர் அங்கே கண்ட மாடமாளிகைகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். மாத்தளையிலிருந்து தமிழகம் சென்று வந்த நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சந்தை. மதுரை மாட்டுத்தாவணியிலுள்ள பூச்சந்தையே அது. மீனாட்சியம்மன் திருக்கோயிலைக் காணச் செல்வோர் பலர். அவ்வூருக்குப் பூ வந்து சேரும் வழியைக் காணச் செல்வோர் சிலரே.

மதுரைக்கும் மலருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனார், மதுரைக்காஞ்சியில் பகலிற் கூடும் நாளங்காடியையும் இரவிற் கூடும் அல்லங்காடியையும் வருணிக்கிறார். அங்கே பூ விற்போரையும் அவர் மறக்கவில்லை.

இன்றைய சந்தை விடியுமுன்பே விழித்துக்கொள்கிறது. பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளி, செவ்வந்தி, மரிக்கொழுந்து எனக் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. எனினும் அங்கே அரசி மல்லிகைதான். தடித்த இதழும் நெடுநேரம் நிற்கும் மணமும் உடைய மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் அதிகாலையில் அரும்பாகவே கொய்து, சாக்குகளில் அனுப்புகின்றனர். மாலையில் அவ்வரும்பு கூந்தலிலே மலரவேண்டும். ஆகவே அதன் வாணிகம் முழுவதும் ஒரு பகற்பொழுதுக்குள் நடந்து முடியவேண்டும்.

விலையின் போக்கோ வியப்புக்குரியது. மார்கழிப் பனியில் அரும்பு குறையும். அப்போதுதான் பொங்கலும், அதையடுத்துத் தை மாதத் திருமணங்களும் நெருங்கும். அக்காலத்தில் ஒரு கிலோ மல்லிகை 2000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. கோடையில் செடிகள் பூத்துக் குலுங்கும்போது 200, 300 ரூபாய்க்கும் இறங்கிவிடுகிறது. அவ்வேளையில் மிஞ்சும் பூ வாசனைத் திரவியம் எடுக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது. விளைச்சல் பெருகும்போது விளைவித்தவன் கை வெறுமையாகிறது.

இதன் காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நெல் விளைத்தவன் விலை ஏறும்வரை அதைப் பத்தாயத்தில் போட்டு வைக்கலாம். மல்லிகை விளைத்தவனால் நாளைவரை பொறுக்க முடியாது. தரகுக் கடைக்காரரிடம் முன்பணம் பெற்றிருந்தால் வேறு கடையை நாடவும் வழியில்லை. எந்தச் சந்தையிலும் காத்திருக்க வல்லவனே விலையை வகுக்கிறான். காத்திருக்க இயலாதவன் அதை ஏற்றுக்கொள்கிறான்.

மாத்தளையில் வாழும் நமக்கு இவ்வுண்மை புதியதன்று. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து இம்மலைகளை அடைந்த நம் முன்னோருள் மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளைச் சேர்ந்தோர் பலர். அவர்கள் கை தொட்ட தேயிலைக் கொழுந்தும் மல்லிகை அரும்பைப் போலவே தாமதம் பொறுக்காதது. பறித்த அன்றே ஆலைக்குச் சேரவேண்டும். ஆலையில் உலர்ந்து தேயிலையான பிறகு அது காத்திருக்கும் ஆற்றல் பெறுகிறது. அதற்குள் அது பறித்தவள் கையை விட்டு நெடுந்தூரம் போய்விடுகிறது. கொழும்பில் 1883ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்தில் விலை கூறப்படும்போது, அவள் மலைச்சரிவில் அடுத்த நிறுவைக்குக் கூடையை நிரப்பிக்கொண்டிருப்பாள். குறித்த நிறை சேராவிடில் அரைப்பேர் போட்டுவிடுவார்களே என்பதுதான் அவள் கவலை.

இதற்கு மாற்று உண்டா? ஒல்லாந்து நாட்டு ஆல்ஸ்மீர் என்னும் ஊரின் மலர்ச் சந்தை உலகப் புகழ் வாய்ந்தது. அங்கே விலை மேலிருந்து கீழே இறங்குகிறது. கடிகாரம் போன்ற ஒரு கருவியில் விலை குறைந்துகொண்டே வர, முதலில் பொத்தானை அழுத்துபவரே பூவைப் பெறுகிறார். ஆனால் என் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பூப்பயிர் செய்வோர் தாமே ஒன்றுகூடி அந்த ஏலத்தை அமைத்தனர். இன்றும் அது பயிரிடுவோரின் கூட்டுறவுக்கே சொந்தமானது. ஒல்லாந்தில் பூக்கும் மலருக்கும் ஆயுள் குறைவுதான். தனித்து நின்றபோது இல்லாத வலிமையைப் பயிரிட்டவர்கள் கூட்டுறவிலே தேடிக்கொண்டனர்.

நேயர்களே, மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதியுலா வரும்போது, தெருவோரத்தில் பூத் தொடுத்து விற்கும் பெண்களைக் காண்கிறோம். நூறு ரூபாய் கேட்டால் ஐம்பதுக்குத் தருவாயா என்கிறோம். பொழுது சாயச் சாய அவள் இணங்கித்தான் தீரவேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதனாலேயே பொறுமையாகப் பேரம் பேசுகிறோம். அந்தச் சமயத்தில் காத்திருக்க வல்லவர் நாம்; காத்திருக்க இயலாதவள் அவள். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் அந்தத் தராசின் மறுதட்டில் நெடுங்காலம் நின்றவர்கள். அதை மறவாதிருந்தால், கேட்ட விலையைக் கொடுத்துப் பூவை வாங்கிச் செல்ல நமக்குத் தயக்கம் இராது.