இரட்டை டர்போவும் வெப்பத்தின் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கவியரங்கமும் பட்டிமன்றமும் நிறைந்த இவ்விழாவில் மோட்டார் எந்திரத்தைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் காரணம் உண்டு. ஹைதராபாத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் எந்திரவியல் பயிலும் பிள்ளைகள் மிகுதி. அவர்களுள் சிலர் தம் காருக்கு இரண்டு டர்போக்களைப் பூட்டிப் பந்தய வண்டியாக்கும் திட்டத்தோடு உலவுகின்றனர். "எவ்வளவு குதிரைத் திறன் கூடும்?" என்பது அவர்கள் கேள்வி. "பிள்ளைக்கு ஆபத்து வருமா?" என்பது பெற்றோர் கேள்வி. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வெப்பம் என்பதே அந்த இடம்.

எந்திரம் பெட்ரோலை மட்டும் உண்டு வாழ்வதன்று, காற்றையும் உண்கிறது. எவ்வளவு காற்று உள்ளே புகுகிறதோ அவ்வளவுக்கே பெட்ரோலை எரிக்க இயலும். எரிந்தபின் சைலன்சர் வழியே வெளியேறும் புகையோ வெறும் புகையன்று. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனோடு வெளியேறி வீணாகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதனால் வெளிக்காற்றை அழுத்தி எந்திரத்துக்குள் செலுத்துவதே டர்போ. கொல்லன் உலைத் துருத்தியை அறிவோம். உலையின் புகையே துருத்தியை ஊதுமானால் எப்படியோ, அப்படி!

இக்கருத்துக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எந்திரத்தை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைமேல் ஏற்றிச் சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத் திறன் தந்த அவ்வெந்திரம், மெலிந்த மலைக்காற்றில் 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்ததும் 356 ஆயிற்று. மலை பறித்ததை டர்போ மீட்டுக் கொடுத்தது.

நம் நகரும் ஒருவகையில் சிறு மலைதான். தக்காணப் பீடபூமியின்மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிறோம். கடற்கரைச் சென்னையைவிட இங்கே காற்றின் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. சென்னையில் 100 குதிரைத் திறன் காட்டும் சாதாரண எந்திரம் இங்கே ஏறக்குறைய 94 காட்டும். டர்போ வண்டி அக்குறையை நிரப்பிக் கொள்ளும். ஆனால் அதற்காகக் கூடுதலாகச் சுழன்று, கூடுதலாகச் சூடேறும்.

இனி, இரண்டு டர்போ எதற்கு? பெரிய டர்போ ஒன்று நிறையக் காற்றைத் தரும்; ஆனால் அதன் கனத்த சக்கரம் வேகம் பிடிக்க நேரமாகும். மிதித்த கால் ஒரு கணத்தில் இருக்க, வண்டி அடுத்த கணத்தில் பாய்வது இதனாலேயே. ஆகவே ஒன்றுக்குப் பதிலாகச் சிறியன இரண்டு என்றனர். "பாதிச் சக்கரம், பாதித் தாமதம்" என்று நம் இளைஞர்கள் எண்ணிக்கொள்கின்றனர். கணக்கு அப்படி வாராது. பாதிக் காற்றுக்குப் பாதிப் பரப்புள்ள சக்கரம் போதும். எனவே அதன் விட்டம் முன்னதில் நூற்றுக்கு 71 பங்கு ஆகும். விளிம்பு வேகம் மாறாதிருக்க, சக்கரத்தைச் சுழற்றி எழுப்பத் தேவையான ஆற்றல் விட்டத்தின் மும்மடியை ஒட்டிக் குறையும். 0.71-ஐ மும்முறை பெருக்கினால் 0.36, சக்கரங்கள் இரண்டாதலால் 0.72. ஆக, மிச்சம் பத்தில் மூன்று பங்குதான். சிறிய சக்கரத்தின் ஓரங்களில் காற்றுக் கசிவும் விகிதத்தில் மிகுதி. ஆகவே அந்த மூன்றிலும் ஓரளவு கரைந்துபோகும்.

பின் யாருக்குத்தான் இரட்டை டர்போ பொருந்தும்? சிலிண்டர்கள் இரு வரிசையாகப் பிரிந்து நிற்கும் வீ வடிவ எந்திரத்துக்கு. பிரெஞ்சு நாட்டின் ரெனோ நிறுவனம் கண்ட பாடம் இது. 1977-இல் அந்நிறுவனம் ஒன்றரை லிட்டர் ஆறு சிலிண்டர் எந்திரத்தில் ஒற்றை டர்போவைப் பூட்டி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியது. வண்டி அடிக்கடி புகைவிட்டு நின்றமையால் பார்த்தவர்கள் "மஞ்சள் தேநீர்க் கெண்டி" என்று நகையாடினர். 1979-இல் வரிசைக்கு ஒன்றாக இரண்டு சிறு டர்போக்களை வைத்தனர். அவ்வாண்டு ஜூலை முதல் நாள், திஜோன் நகரில், தம் நாட்டுப் பந்தயத்திலேயே ழான்-பியேர் ழபூய் அந்த வண்டியை முதலாவதாகக் கொண்டு நிறுத்தினார். கெண்டி என்று நகைத்தவர்களே அடுத்த சில ஆண்டுகளில் டர்போவைத் தேடி ஓடினர்.

நம் தெருக்களில் ஓடும் கார்களிலோ பெரும்பாலும் நான்கு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும் எந்திரம். அதற்கு, உள்ளே இரு வழிகளாகப் பிரிக்கப்பட்ட, ட்வின் ஸ்க்ரோல் என வழங்கும் ஒற்றை டர்போவே போதும் என்பது நம் துணிபு. இரண்டு வைத்தால் பானெட்டைத் திறந்து காட்டும்போது பார்க்க அழகாயிருக்கும். அந்த அழகுக்கு இரண்டு ஆயில் குழாய், இரண்டு வடிகால், இரண்டு வேஸ்ட்கேட், கசிவதற்கு இருமடங்கு இணைப்புகள் என்று விலை கொடுக்க வேண்டும்.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி காற்றடிக்கும்போது சுடுவதை யாவரும் கண்டிருக்கிறோம். காற்றை அழுத்தினால் சூடேறும். இது மாற்றவொண்ணாத இயற்கை. மே மாதத்து ஹைதராபாத்தில் நிழலில் 42 டிகிரி என்று கொள்வோம். அக்காற்றை டர்போ இருமடங்கு அழுத்தினால், சக்கரத்தின் திறமை நூற்றுக்கு 70 என்னும் கணக்கில், அது 140 டிகிரியாக வெளிவரும். கொதிநீரையும் மிஞ்சிய சூடு! இக்காற்றை அப்படியே எந்திரத்துள் விட்டால், தீப்பொறி தோன்றுமுன்னரோ, அதன் சுடர் பரவுமுன்னரோ, பெட்ரோல் தானே வெடிக்கும். அதுவே நாக்கிங் என்பது. ஆணியைச் சுத்தியால் தட்டுவதுபோல் ஓசை கேட்கும். சில நொடிகளில் பிஸ்டனின் தலை பொத்தலாகும். அதனால்தான் இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் டர்போவுக்கும் எந்திரத்துக்கும் இடையே நிற்க வேண்டும். முன்பம்பருக்குப் பின்னே நல்ல காற்றோட்டத்தில் அதற்கு இடம் கிடைக்காதாயின், திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நலம்.

மறுபுறத்து வெப்பம் இன்னும் கொடியது. பெட்ரோல் எந்திரத்தின் புகை 900 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடு சக்கரத்தைத் தாக்குகிறது. செந்தணலாய்ச் சிவந்த அச்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சாதாரண எஃகு அச்சூட்டில் மெழுகாய் நீண்டுவிடும். எனவே நிக்கலை முதன்மையாகக் கொண்ட மிகைக்கலவை உலோகத்தை வார்த்துச் செய்கின்றனர்.

இவ்விடத்தில் நம் நகரைப் பற்றிப் பெருமையோடு ஒன்று சொல்லலாம். வெப்பத்துக்கு அஞ்சாத உலோகத்துக்கு இந்தியாவில் ஒரு தலைநகர் உண்டெனில், அது நாம் வாழும் ஹைதராபாத்தே. பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக் கூடம் 1963-இல் இங்கே அமைந்தது. மிகைக்கலவைகளை உருக்கித் தரும் மிஸ்ர தாது நிகம் 1973-இல் தோன்றியது. இரண்டும் காஞ்சன்பாக்கில் அண்டை வீட்டாராய் இருக்கின்றன. போர் விமானத்துக்கென 1989-இல் தொடங்கி, நம் காவிரியின் பெயரைச் சூடிய எந்திரம், எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாமல் தேஜஸ் விமானத்திலிருந்து பின்னர் பிரிக்கப்பட்டது. அத்தகைய எந்திரங்களில் தகட்டு உலோகம் தாங்கும் சூடே ஆற்றலுக்கு எல்லை வகுக்கிறது. அந்த எல்லையைத் தள்ளிவைக்கும் முயற்சி ஓயவில்லை. ஒரே படிகமாக வளர்த்தெடுத்த 60 சுழலித் தகடுகளை இந்த ஆராய்ச்சிக் கூடம் ஹெலிகாப்டர் எந்திரத்துக்காக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸிடம் வழங்கியதை 2021 ஏப்ரலில் அறிந்தோம். தெலங்காணத்துக் கோனசமுத்திரத்து மூசை எஃகை வாங்கப் பாரசீக வணிகர் வந்ததும், கொங்கு நாட்டுக் கொடுமணலில் எஃகு உலைகளின் தடயம் கிடைத்திருப்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. தமிழில் உருக்கு, தெலுங்கில் உக்கு. சொல்லும் உறவு, தொழிலும் உறவு.

காருக்குத் திரும்புவோம். டர்போ வாங்குவது கடைசி வேலை. இளைஞர்களோ அதையே முதலில் வாங்குகின்றனர். முதலில் எந்திரத்தின் உள்ளுறுப்பைப் பார்க்க வேண்டும். டர்போ இல்லாமல் ஓடப் பிறந்த எந்திரம் காற்றைத் தானே பத்து மடங்குக்கு மேல் அழுத்தும். அதனை ஒன்பதுக்குக் கீழே இறக்குவதற்கு வேறு பிஸ்டன்கள் வேண்டும். கேஸ்கெட்டும் கனெக்டிங் ராடும் புதிய சுமையைத் தாங்க வேண்டும். மெல்லிய குழாயை வளைத்துப் பற்றவைத்த மேனிஃபோல்டு, சூடேறி ஆறி, ஆறிச் சூடேறி, பற்றுவாயில் விரிசல் விடும். அழகு குன்றினாலும் வார்ப்பிரும்பு நெடுநாள் உழைக்கும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும். வடிகுழாய் அகலமாகவும் சரிவாகவும் இல்லையெனில் ஆயில் சீலைத் தாண்டிப் புகைவழியில் புகுந்து நீலப்புகையாய் வெளிவரும். இரட்டை அமைப்பில் ஏதேனும் ஒரு டர்போ தாழ்வான மூலையில் சிக்கிக்கொள்ளும். அதன் ஆயிலை இறைக்கத் தனிப் பம்பு வைக்க நேரும். இரு டர்போக்களின் காற்றும் சேருமிடத்தில் ஒன்று வலுத்து மற்றொன்று மெலிந்தால், மெலிந்ததன் காற்று பின்னோக்கித் தள்ளப்பட்டுச் சக்கரம் அதிரும்.

பிரேக்கைப் பற்றி எவரும் கேட்பதில்லை! 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 140-ஐ எட்டினால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இருமடங்கு. அதை நிறுத்துகையில் அவ்வளவும் பிரேக் தகட்டில் வெப்பமாக இறங்கும். எந்திரத்துக்கு வாங்கிய வெப்பத்துக்கு இங்கும் கணக்குத் தீர்த்தாக வேண்டும்.

இவ்வரிசையை நன்கு உணர்ந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சி.சி. எந்திரத்தை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டினார். மூன்று சிலிண்டர், டர்போ கிடையாது. ஆயினும் எடை குறைந்த உடலும் சாலையைப் பற்றும் அமைப்பும் சேர்ந்து அதனைப் பந்தயக் குதிரையாக்கின. அந்த ஃபார்முலா மாருதியில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்நாளைக் காணாமலே கரிவரதன் 1995-இல் மறைந்தார். பின்னர் 2018-இல் அதே ஊரின் ஜெயம் நிறுவனமும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து, 85 குதிரைத் திறனுள்ள சிறு டியாகோ காருக்கு ஒற்றை டர்போ எந்திரம் தந்து 114 ஆக்கின. சோதனைச் சாலையும் பொறியாளரும் கையிலிருந்தும் அவர்கள் ஒன்றோடு நின்றனர். அத்தோடு சஸ்பென்ஷனையும் டயரையும் சேர்த்தே மாற்றினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வண்டி ஈராண்டில் சந்தையிலிருந்து மறைந்தது வருத்தமே.

பெற்றோர்க்காக ஒரு சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பை விருப்பப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்குமா என்பதும் ஐயமே. ஆகவே வெளிவட்டச் சாலையில் இரவில் சோதிப்பது ஓட்டுபவனுக்கும் ஆகாது. எதிரே வரும் லாரிக்காரனுக்கும் ஆகாது.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனி இக்கல்வி எதற்கு என்பாரும் உளர். 2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர்க் கரையில் ஃபார்முலா ஈ வண்டிகள் ஓடியதை நம்மில் பலர் பார்த்தோம். டர்போவும் இல்லை, சைலன்சரும் இல்லை. எனினும் அவ்வண்டிகளின் பொறியாளர்களும் பேட்டரியின் சூட்டைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பர்.

ஓட்டியே தீர வேண்டும் என்பவர்க்குத் தடங்கள் உள்ளன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று. கோவை செட்டிப்பாளையத்தில் 2003 முதல் கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்பது மற்றொன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வண்டியை டிரெய்லரில் ஏற்றிச் செல்லலாம். முதல் நாளில் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, புகையின் வெப்பத்தைக் கருவியால் அளந்து, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். சுற்று முடிந்ததும் சாவியைத் திருப்பி உடனே அணைத்துவிடக் கூடாது. சிவந்த சக்கரத்தின் அருகே ஓட்டமின்றித் தங்கும் ஆயில் கரியாகிப் பேரிங்கில் படியும். இரண்டு நிமிடம் எந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, அதன்பின் அணைத்தால் போதும்.

இவ்வளவில் அமைகிறோம். கேள்விகள் இருப்பின் சிற்றுண்டி வேளையில் கேட்கலாம்.