புலம்பும் தனிமையும்

(வெள்ளி விழா இலக்கிய அரங்கில் ஆற்றிய உரை)



‘பழந்தமிழ் இலக்கியத்தில் தனிமை’ என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். இந்நாளில் தனிமையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நண்பர் ஒருவர் வினவினார். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் செய்துவரும் பணி என்னவென்று எண்ணிப் பார்த்தால், இத்தலைப்பு இந்நாளுக்கு முற்றிலும் பொருந்துவதே என்பது புலனாகும். அதனை உரையின் முடிவில் கூறுவோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். இன்று ‘புலம்புதல்’ என்றால் வாய்விட்டு அரற்றுதல் என்றே பொருள் கொள்கிறோம். தொல்காப்பியர் உரியியலில் ‘புலம்பு’ என்னும் சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் கூறுகின்றார். தனிமையைக் குறித்த சொல் பின்னாளில் தனித்திருப்பவரின் அரற்றலைக் குறிக்கலாயிற்று. தனிமை நெடுநாள் வாய்மூடி இராது. யாரேனும் ஒருவர் கேட்க வேண்டும் என்று அது ஏங்கும். இவ்வுண்மையை அச்சொல்லின் வரலாறே நமக்கு உணர்த்துகின்றது.

இனி நம் ஊருக்கே வருவோம். இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கல், சங்க காலத்தில் கிடங்கில் என்னும் பெயரோடு ஓய்மா நாட்டில் சிறந்து விளங்கிய ஊராகும். ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டதே இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை. அந்தக் கிடங்கிலின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய புலவர் ஒருவர் உண்டு. அவர் கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார். நற்றிணையில் 218ஆம் பாட்டு அவர் பாடியது. அதன் பொருளே தனிமை.

கதிரவன் சாய்கின்றான். பூ உதிர்ந்த கொடி பொலிவிழந்து நிற்பது போல அந்திப் பொழுது புலம்பு எய்துகின்றது. வௌவால்கள் பறக்கின்றன. வருவேன் என்று தலைவன் குறித்த பருவமும் கடந்துவிட்டது. பருத்த வேம்பின் கிளையிலிருந்து கூகை குரல் எழுப்புகின்றது. இத்தனைக்கும் மேலாகப் பனைமரத்து அன்றிலின் குரலையும் நான் தனியளாய்க் கேட்க வேண்டுமோ என்று தலைவி வருந்துகின்றாள். அன்றில் துணையைப் பிரிந்தால் உயிர் வாழாத பறவை என்பது புலவர் மரபு.

இப்பாட்டில் இரண்டு செய்திகளைக் கருதுதல் வேண்டும். ஒன்று, அங்கே ஓசைக்குக் குறைவில்லை. கூகையும் பிற பறவைகளும் ஒலிக்கின்றன. ஆளில்லாத காட்டில் இருப்பது மட்டுமே தனிமையன்று. நிறைந்த ஊரின் நடுவிலும் ஒருவர் தமியராய் இருத்தல் கூடும். மற்றொன்று, தலைவி இதனைத் தனக்குத்தானே கூறிக்கொள்ளவில்லை; தோழியிடம் கூறுகின்றாள். அகப்பாட்டின் உறுப்புகளுள் ‘கூற்று’ என்பதனோடு ‘கேட்போர்’ என்பதனையும் தொல்காப்பியர் செய்யுளியலில் வைத்தார். சொல்பவர் ஒருவர் உண்டென்றால் கேட்பவர் ஒருவரும் வேண்டும் என்பதே நம் முன்னோர் கண்ட இலக்கணம். வேம்பும் பனையும் இன்றும் நம் ஊர்ப்புறங்களில் நிற்கின்றன. அவற்றின் கீழ் தனித்திருப்பவர்களுக்குத் தோழி எங்கே என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

திருவள்ளுவர் இதனை மேலும் தெளிவாக்குகின்றார். திருக்குறளின் 120ஆம் அதிகாரத்திற்குத் ‘தனிப்படர் மிகுதி’ என்று பெயர். ஒருவர் மட்டுமே அன்பு செலுத்த, மற்றவரிடம் அவ்வன்பு இல்லாதபோது எழும் துன்பத்தை அவ்வதிகாரம் பேசுகின்றது. காவடித் தண்டின் இருபுறமும் பாரம் ஒத்திருந்தால் சுமப்பவருக்கு எளிது. ஒருபுறம் மட்டும் பாரம் என்றால் தோள் நோகும். அன்பிற்கும் இவ்வுவமையையே வள்ளுவர் காட்டுகின்றார். உறவு ஒருபக்கமாய் நின்றுவிடுவதே தனிமை என்பது அவர் தரும் விளக்கமாகும்.

எல்லாத் தனிமையும் துன்பமோ என்றால், அன்று. விழுப்புரத்திற்கு மேற்கே, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றின் நடுவே கபிலக்கல் என்று மக்கள் வழங்கும் பாறை உண்டு. பறம்பின் வேள் பாரி மறைந்த பின், அவன் மகளிரைப் பாதுகாப்பில் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றின் குறிப்பு கூறும். அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று கூறும். முடிவைக் கூறுவதில் இவ்விரண்டும் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துள்ளன. கபிலர் தம் கடமையை முடித்த பின்னரே தனிமையை மேற்கொண்டார். அது அவர் தாமே தேர்ந்துகொண்டது. எவரும் அவரை ஒதுக்கவில்லை.

நாமே தேர்ந்துகொள்ளும் தனிமை வேறு. நம்மீது சுமத்தப்படும் தனிமை வேறு. இரண்டாவதனை அறியச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைப் புரட்டுவோம். ஆபுத்திரன் பிறந்த அன்றே தாயால் கைவிடப்பட்டவன். வேள்விக்கெனக் கட்டியிருந்த பசுவை விடுவித்தமையால் வளர்ந்த ஊரை விட்டும் துரத்தப்பட்டான். பிச்சைக்குச் சென்ற இடங்களில் அவன் பாத்திரத்தில் சோற்றுக்கு மாறாகக் கல்லை இட்டனர். மதுரைக்கு வந்து, தான் இரந்து பெற்றதைக் குருடரும் செவிடரும் முடவரும் உண்ணக் கொடுத்த பின்னரே தான் உண்டான். அவனிடம் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். பின்னர் நாடெங்கும் மழை பெய்து வளம் பெருகிற்று. அவன் சோற்றை வேண்டுவார் எவருமில்லை. பஞ்சமுற்ற சாவக நாட்டிற்குச் செல்லக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியிருந்தபோது அவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிட்டது.

ஆளில்லாத் தீவில் அவன் கையில் குறையாத சோறு இருந்தது. தன் பசிக்கு அவன் அஞ்ச வேண்டியதில்லை. எனினும், பிறருக்குப் பயன்படாத பாத்திரத்தால் தன் உயிரை மட்டும் காத்துக்கொள்ள அவன் விரும்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான். பெறுவதற்கு ஒன்றும் இல்லாமையே தனிமை என்று நாம் எண்ணுகிறோம். கொடுப்பதற்கு ஒருவர் இல்லாமை அதனினும் பெரிய தனிமை என்று சாத்தனார் காட்டுகின்றார். இக்கருத்து நம் நெஞ்சில் ஆழப் பதிதல் வேண்டும்.

சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாறு உண்டு. கோயில் முரசங்களுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தவர் அவர். அவர் அளித்த பொருள் உள்ளே சென்றது. அவர் வெளியே நின்றார். தில்லைக்குச் சென்றும் ஊருக்குள் புக ஒண்ணாமல் அதன் எல்லையை இரவும் பகலும் வலம் வந்தார் என்று சேக்கிழார் கூறுகின்றார். தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவருக்கு உள்ளே வழி கிடைத்தது. அடியார் அறுபத்து மூவருள் ஒருவராக அவரைப் போற்றிய சேக்கிழாரின் அன்பை நாம் மதிக்கிறோம். எனினும் ஒன்றை வினவாமல் இருக்க இயலாது. கிடங்கில் புலவரின் தலைவியைத் தனிமைப்படுத்தியது காலம். நந்தனாரைத் தனிமைப்படுத்தியது எது? மனிதர் வகுத்த எல்லையன்றோ? காலம் தந்த தனிமை காலத்தால் நீங்கலாம். மனிதர் தந்த தனிமையை மனிதரே நீக்குதல் வேண்டும்.

இது பழங்கதையன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாள்களை நினைவுகூர்கின்றார். தம் குலம் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பிற மாணவரோடு பழகாமல், மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே இருந்து படித்து, வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்பியதை அதில் எழுதியுள்ளார். அண்ணல் அம்பேத்கர் வகுப்பறையில் தனிக் கோணிப்பையில் அமர்ந்ததையும், பள்ளிச் சேவகர் வாராத நாளில் தண்ணீரின்றி இருந்ததையும் எழுதியுள்ளார். அவ்விருவரும் வாய்மூடி இருந்துவிடவில்லை. முன்னவர் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பின்னர் 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இருவரும் ஒருசேர அமர்ந்து நம் மக்களுக்காகப் பேசினர். தனித்தனியே தாம் பட்ட துன்பத்தை உலகம் கேட்கும் கூற்றாக ஆக்கினர்.

நம் சொந்த வாழ்விலும் ஒன்றைச் சொல்ல விழைகிறோம். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றிலிருந்து நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு நாம் சென்ற காலம் அது. பகலுணவு வேளையில், தூக்குச் சட்டியில் இருந்த கேழ்வரகுக் களியைப் பிறர் காணாதவாறு பூவரச மரத்தின் பின்னே சுவரைப் பார்த்தபடி உண்போம். ஒருநாள் தமிழாசிரியர் தம் உணவுடன் அங்கு வந்து அருகில் அமர்ந்தார். ஏன் தனியே இருக்கின்றாய் என்று கேட்கவில்லை; அறிவுரையும் கூறவில்லை. “துவையல் நன்றாக மணக்கிறதே, கொஞ்சம் கொடு தம்பி” என்று கை நீட்டினார். அன்றுவரை நமக்கு இரங்கியவர்கள் இருந்தார்கள். நம்மிடம் ஒன்றைக் கேட்டவர் அவரே முதல்வர். மறுநாள் அம்மாவிடம் சொல்லித் துவையலைச் சற்று மிகுதியாக அரைத்துவரச் செய்தோம். ஆபுத்திரன் கதையை அவர் பின்னாளில் வகுப்பில் நடத்தியபோது, அதன் பொருள் நமக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆயினும் அவர் கற்பித்ததை நாம் மறந்தோம். ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் நம் குடியிருப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவன் சன்னலோரக் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பான். பேசமாட்டான், குறும்பு செய்யமாட்டான். ‘அமைதியானவன், ஒழுக்கமுள்ளவன்’ என்று அவன் குறிப்பேட்டில் எழுதி மனநிறைவு கொண்டோம். அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்தே அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையோடு செங்கல் சூளைக்குப் போயிருந்தான். அவன் தாயார் கூறிய சொல் இன்றும் காதில் ஒலிக்கின்றது. “பள்ளிக்கூடத்துல அவங்கிட்ட பேச ஆளில்லீங்க ஐயா. சூளையிலயாவது நாலு பேரு பேசறாங்க.”

வறுமை அவனை இழுத்தது மெய்யே. ஆனால் அவனைப் பிடித்து நிறுத்த இப்பக்கத்தில் ஒரு கையும் இல்லை என்பதும் மெய்யே. அவனது தனிமையை அமைதி என்று பிழையாகப் படித்தவர் நாமே. புலம்பு என்னும் சொல்லுக்கு வகுப்பில் பொருள் கூறிய நாம், கடைசி இருக்கையில் இருந்த புலம்பை அறியவில்லை. அவனிடம் ஒருநாளும் ஒன்றும் நாம் கேட்டதில்லை. அவன் பின்னர்ப் பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

அவையோரே, இப்போது இக்கழகத்தின் பணிக்கு வருவோம். நம் பிள்ளைகளிடம் இரண்டு குறைகள் உள்ளன. கேட்பாரின்றித் தனித்துவிடப்படுதல் ஒன்று. படிப்பதற்குத் தனித்திருக்க இடமின்மை மற்றொன்று. ஐவரும் அறுவரும் ஓரறையில் வாழும் வீட்டில், தொலைக்காட்சி ஒலிக்கும் நேரத்தில், ஒரு மாணவி எங்கே அமர்ந்து கணக்குப் போடுவாள்? வேண்டாத தனிமை அவளுக்கு மிகுதி. வேண்டும் தனிமை அவளுக்கு இல்லை. இக்கழகத்தின் மாலைப் படிப்பகம் அவளுக்கு ஒரு விளக்கையும் ஒரு பலகையையும் தந்தது. அதோடு, ‘இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்’ என்று கேட்கும் ஓர் அக்காவையும் தந்தது. முதலாவதை எந்தக் கட்டடமும் தரும். இரண்டாவதை மனிதர் மட்டுமே தர இயலும்.

எனவே நம் வேண்டுகோள் இரண்டு. கல்லூரிக்கென வெளியூர் செல்லும் நம் பிள்ளைகளை ஊர் எல்லை வரை வழியனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். அங்கே முதல் ஆறு மாதம் அவர்கள் மணிபல்லவத்தில் இருக்கின்றார்கள். வாரம் ஒருமுறை அவர்களை அழைத்துப் பேசுங்கள். பணம் வேண்டுமா என்பதோடு நின்றுவிடாமல், தங்கை படிப்பிற்கு என்ன செய்யலாம் என்று அவர்களிடம் கருத்துக் கேளுங்கள். நம்மை நம்பி ஒரு வீடு இருக்கின்றது என்னும் எண்ணம் அவர்களை நிலைநிறுத்தும்.

மற்றொன்று, படித்துப் பணியில் அமர்ந்து நகரங்களில் குடியேறிவிட்டவர்களுக்கு. அவர்களுள் நாமும் ஒருவர். நம் கையில் அமுதசுரபி இருக்கின்றது. பழைய குடியிருப்பிற்குத் திரும்பிச் செல்லக் கூச்சம். புதிய தெருவிலோ முழுமையாக ஏற்கப்படுவதில்லை. இந்தத் தனிமையை நாம் வெளியே சொல்வதில்லை. ஆபுத்திரனுக்குக் கப்பல் திரும்பி வரவில்லை. நமக்கோ திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மணிக்கொரு பேருந்து உண்டு. மாதத்தில் ஒரு மாலை படிப்பகத்திற்கு வாருங்கள். அங்கே உங்களிடம் ஒன்றைக் கேட்க ஒரு பிள்ளை காத்திருக்கின்றது. அப்பிள்ளையிடமும் நீங்கள் ஒன்றைக் கேளுங்கள். காவடியின் இருபுறமும் அப்போதுதான் நிறையும்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கிடங்கில் ஊரின் பெயர் தாங்கிய புலவர் ஒரு பெண்ணின் தனிமையைப் பாடி, அதனைக் கேட்க ஒரு தோழியையும் உடன் வைத்தார். அதே மண்ணில் இருபத்தைந்து ஆண்டுகளாக அத்தோழியின் பணியை இக்கழகம் செய்து வருகின்றது. அப்பணி மேலும் வளர்க என வாழ்த்தி அமைகின்றோம்.