அம்மையா, மாத்திரையா?



திருப்பதியில் மே மாதம் கங்கம்மா ஜாத்திரை நடக்கும். சித்தூரிலும் நடக்கும். உடம்பில் முத்துப் போட்டால் அம்மன் வந்திருக்கிறாள் என்பது இந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள்.

பெரியம்மை 1975-க்குப் பிறகு நம் நாட்டில் யாருக்கும் வரவில்லை. சின்னம்மையும் தட்டம்மையும் இன்னும் வருகின்றன. அம்மை போலவே தோன்றும் வேறொரு நோயும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஒரு வீட்டில் இளம்பெண்ணுக்கு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாத்திரை தருகிறார். வலிப்பு நிற்கிறது. மூன்றாம் வாரம் காய்ச்சல் அடிக்கிறது. கண் சிவக்கிறது. மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை.

பாட்டி சொல்கிறாள்: "ஆத்தா வந்திருக்கா. வேப்பிலை கொண்டாங்க. வலிப்பு மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

பாட்டிக்குப் பாசம்தான். ஆனால் இங்கே கெடுதல் செய்வதே அந்த மாத்திரை. அது உள்ளே போகப் போகக் கொப்புளம் பெருகும். தீப்பட்டது போலத் தோல் உரியும். பார்வை போகலாம். உயிரும் போகலாம்.

இந்த நோயை 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. உடம்பைக் காக்கும் சக்தி, மருந்தை எதிரி என்று எண்ணித் தன் தோலையே தாக்குகிறது.

பெனிட்டாயின், கார்பமசெபின், பீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின் ஆகிய மாத்திரைகளால் இது வரலாம். எல்லாருக்கும் வராது. மிகச் சிலருக்கே வரும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும்.

அதற்குப் பயந்து, நன்றாக இருப்பவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். அதுவும் உயிருக்கு ஆபத்து. ஆனால் தடிப்பு கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சித்தூரில் மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. திருப்பதியில் ரூயாவும் ஸ்விம்ஸும் இருக்கின்றன. வண்டிக்கு 108. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வேறு எந்த மருந்து தரலாம் என்று டாக்டர் முடிவு செய்வார்.

பெனிட்டாயின் ஆகாதவருக்குக் கார்பமசெபினும் பீனோபார்பிட்டோனும் ஆகாமல் போகலாம். மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. பிழைத்து வந்த பெண்ணுக்கு வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் தெரியாமல் அதையே எழுதிவிடலாம். அதனால் ஒரு சீட்டு எழுதி அவள் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். எழுதப் படித்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. இரண்டே வரி:

"எனக்கு வலிப்பு உண்டு. பெனிட்டாயின் ஆகாது."